பரணில் கிடந்த பிளைவீல்

லொறி எஞ்சின் வேலை செய்கிறவனுக்கு வண்டி கராஜில் நிற்கும்வரை பயமில்லை. சரியாகி வெளியே போன பிறகுதான் பயம். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "கடைசி போல்ட்டை இறுக்கினேனா?" என்று கை உறைந்துபோனவரா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

ரெண்டு கோணல்

பதினெட்டு வருசம் வளைகுடாவில் புது எஞ்சின்களோடு இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் திரும்பி வந்து கடுகண்ணாவையில் கராஜ் போட்டேன். முதல் மாதமே கலஹாவிலிருந்து ஆரோக்கியம் அண்ணன் தன் பழைய லொறியைக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் பண்ணினால் பல் நொறுங்குகிற சத்தம். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற பிளைவீல் சக்கரத்தின் பல்வளையம் தேய்ந்திருந்தது.

அந்தக் காலத்து எஞ்சினில் பிளைவீலின் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கனமாக வார்த்திருப்பார்கள். முன்னால் இருக்கிற டேம்பர் சக்கரத்திலும் அப்படி ஒரு கனம். இரண்டும் சேர்ந்துதான் நடுவே சுழலும் கிராங்க் தண்டை நடுங்காமல் பிடிக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் கிராங்க் முறிந்தாலும் முறியும். இதைச் சொன்னதும் அண்ணன் டேம்பரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "என் பொஞ்சாதியும் நானும் மாதிரின்னு சொல்லுங்க தம்பி. ரெண்டு பேருமே கோணல், அதான் வண்டி ஓடுது."

பிளேன்டீ சோதனை

பிளைவீலைக் கழற்றி, எதிரே லேத் வைத்திருந்த மேஸ்திரி பியதாச பாஸிடம் புதுப் பல்வளையம் ஏற்றக் கொடுத்தேன். என் பரணில் இன்னொரு பிளைவீல் கிடந்தது. அதே கம்பெனி, பிந்திய எஞ்சினுடையது. போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தும். பாஸ் வந்து அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

சனிக்கிழமை அண்ணன் அவசரப்படுத்தினார். லேத் வாசலில் நின்று, "பாஸ், எதைப் போட?" என்று கத்தினேன். இரைச்சலுக்கு மேலாக அவர் கத்தினார், "பரண எக்க போடுங்க!"

பரணில் இருந்ததை இறக்கினேன். பாஸ் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, கனம் எந்தப் பக்கம் என்றுகூடப் புரட்டிப் பார்க்கவில்லை. பூட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, நம்மவர்கள் வழக்கப்படி அதிர்வு பார்க்க அதன் மூடிமேல் ஒரு கிளாஸ் பால் விடாத பிளேன்டீ வைத்தேன். டீயில் வட்டம் வட்டமாக அலை. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் பழசாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் அந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு ஏறினார். "நாளைக்கு மாதா திருவிழாவுக்கு முப்பது பேர ஏத்திட்டு எறங்கணும். டீ ஆடுனா ஆடட்டும் தம்பி, சனமும் கொஞ்சம் ஆடட்டும்."

ஒரு சொல்

ஞாயிறு காலை பாஸ் சாக்கில் சுற்றிய பிளைவீலோடு வந்தார். நேற்றே முடித்துவிட்டாராம், அதற்குள் நான் கராஜைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேனாம்.

"வண்டி எங்க?"

"அது போயிருச்சே பாஸ். பரண்ல இருந்ததத்தானே போடச் சொன்னீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. 'பரண எக்க' என்றால் சிங்களத்தில் பழையதை, அதாவது லொறியிலிருந்து கழற்றியதையே. சின்ன வயதில் மஹய்யாவையில் இரண்டு மொழியும் ஒன்றாகப் படித்தவன் நான். அவர் 'போடுங்க' என்று தமிழில் முடித்ததால், முழுவதையும் தமிழாகவே கேட்டிருக்கிறேன். பாஸ் சாக்கை அப்படியே தரையில் போட்டார். "பரண! பழசு மாத்தயா, பழசு! ஏறுங்க பைக்ல!"

கலஹா ரோடு

பேராதனை தாண்டி மேலே ஏற ஏற, ஒவ்வொரு வளைவிலும் முதலில் பள்ளத்தைத்தான் பார்த்தேன். கிராங்க் முறிந்தால் பிளைவீல் தன் கூட்டை உடைத்துக்கொண்டு டிரைவரின் காலுக்குத்தான் வரும். பின்னால் முப்பது பேர், நின்றபடி, பிள்ளைகளோடு. பாஸ் வாய்க்குள் பௌத்தர்களின் பிரித் ஓதிக்கொண்டே ஓட்டினார். எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. எதிரே ஒரு பஸ் ஹார்ன் அடித்தபோது ஓலம் என்று நினைத்துவிட்டேன்.

ஏழாவதோ எட்டாவதோ வளைவில் லொறி நின்றிருந்தது, டயருக்குக் கல் கொடுத்து. சனம் ரோட்டோரக் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த மாதா படம் அதிர்வில் மூன்று தடவை விழுந்ததாம். மூன்றாவது தடவை அண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டார். கீழே படுத்துப் பார்த்தேன். பரண் பிளைவீலின் கனத்தோடு ஒத்துப்போகாமல் டேம்பரின் ரப்பர் பிளந்து, சக்கரம் என் கையோடு ஆடியது. எழுந்து வந்தேன். எல்லார் முன்னாலும், "என் பிழைதான் அண்ணே. பரணன்னு சொன்னத பரண்னு கேட்டுட்டேன்" என்றேன்.

அண்ணன் மாதா படத்தை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். "நாங்க நடந்தே போய்க்கிறோம் தம்பி. நீங்க இதத் தூக்கிட்டு முன்னால நடங்க, கீழ மட்டும் போட்டுறாதீங்க."

அன்றைக்குப் பிறகு என் கராஜில் பரணே கிடையாது. பழையது எல்லாம் தரையில்தான் கிடக்கிறது, எந்த மொழியில் கேட்டாலும் முதலில் என் காலில் இடிக்கட்டும் என்று.