கம்பியோடு கட்டிய கைகள்

எழுபதுகளில் இலங்கையின் பதுளையில், ஆஸ்பத்திரி ஒன்றின் பிள்ளைகள் வார்டில் நான் தாதியாக இருந்தேன். அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை கண்ணயர்ந்ததும் தாயைச் சொல்லாமல் கொள்ளாமல் போகச் சொல்லிவிடுவோம். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழுமாம்! விழித்துப் பார்த்து அம்மாவைக் காணாவிட்டால் மட்டும் சிரிக்குமா என்ன? பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று பயிற்சியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, தொடையில் கொதிநீர் கொட்டிய ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்தது. தூங்கி விழித்ததும் தாயைக் காணாமல் அலறி, சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டது. வார்டுக்குப் பொறுப்பான தலைமைத் தாதி, நாங்கள் பெரிய மிஸ்ஸி என்பவர், அதன் இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டச் செய்தார். ஊசியை மறுபடி ஏற்ற நரம்பு அகப்படவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்தியது. வாயையும் இறுக மூடிக்கொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. உதடு வெடித்தது, சிறுநீரும் நின்றுவிட்டது. எரிகாயப் பிள்ளைகள் அப்படித்தான் எங்கள் கையைவிட்டுப் போவார்கள்.

"ஒரு வாய் குடிம்மா," என்று கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூக்கு வழியாகக் குழாய் போட ஆயத்தமானார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தாயைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்றேன். ஒருத்தியை விட்டால் வார்டு சந்தையாகிவிடும் என்று பெரிய மிஸ்ஸி சிங்களத்தில் சீறினார். நான் நின்று கேட்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினேன். தாய் இன்னும் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கவில்லை. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல் மதிலோரம் குந்தியிருந்தாள்.

கட்டிலருகே வந்தவள் பிள்ளையின் மணிக்கட்டுகளையே பார்த்தாள். பிறகு டாக்டரைக் கும்பிட்டுக் கேட்டாள்.

"ஐயா, எம்புள்ள என்னத்தங்க திருடிச்சு?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். பெரிய மிஸ்ஸியின் கண் என்மேலேயே இருந்தது. பிள்ளைக்கு எப்படி என்று கேட்கிறாள் என மழுப்பியிருக்கலாம். பொல்லாத கோபம் வந்தது எனக்கு. அவள் கேட்டதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

டாக்டர் குழாயைத் தட்டில் வைத்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது. கை விடுபட்டதும் பிள்ளை தாயின் சேலையைப் பற்றிக்கொண்டது. தம்ளரை வாயருகே கொண்டுபோனேன். மடமடவென்று குடித்தது. குடித்துவிட்டுத் தாயைப் பார்த்துச் சொன்னது:

"இனிமே நான் தூங்கவே மாட்டேம்மா."