பிரெஞ்சுக்காரன் மேடு

கிர்னேலே ஊரில் உர்ஷுலேயின் கோழிகூட அவளுக்குத் தெரியாமல் முட்டையிடாது என்பார்கள். கடிதம் வந்தால், யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று உறையை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பாள். கூட்டுப்பண்ணையில் பால் கறந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவளுடைய பீட்ரூட் தோட்டத்துக்குப் பின்னால், பைன் மரங்களுக்கு நடுவே மண்மேடுகள் இருந்தன. லித்துவேனியாவில் இப்படி மேடு எங்கே இருந்தாலும் அது பிரெஞ்சுக்காரர் கல்லறைதான் என்பது ஊர்ப்பேச்சு. நெப்போலியனின் படை பனியில் செத்து விழுந்ததாம். மூன்றாவது மேட்டில் கிடப்பது அவள் தம்பி கிப்ரஸ் என்பது உர்ஷுலேக்கு மட்டுமே தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ரஷ்யர்களை எதிர்த்துக் காட்டுக்குள் போய்ப் போராடிச் செத்தவன். அப்படிப்பட்டவர்களின் உடலைச் சந்தையில் கிடத்தி, அழுகிறவர்களை சைபீரியாவுக்கு ரயிலேற்றிய காலம் அது. அதனால் அவளே குழிவெட்டிப் புதைத்தாள். ஊரைப் பொறுத்தவரை அவன் கப்பலேறிப் போய்விட்டான்.

அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் தலைநகர் வில்னியஸிலிருந்து எல்வீரா என்ற தொல்லியல் ஆய்வாளர் மாணவர்களோடு மேடுகளைத் தோண்ட வந்தார். உர்ஷுலே பண்ணையில் விடுப்பு வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சமைக்கப் போனாள். மூன்றாவது மேடு கண்ணில் படும்படி அடுப்பைப் போட்டாள். எல்வீராவின் கேள்விகள் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, கூலிக்குத் தோண்ட வந்த டிராக்டர்காரன் பெலிக்ஸஸைப் பிடிக்கவில்லை. அவன் ஒருமுறை நகரத்துக் காவல் அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது மேட்டில் முளைக்குச்சி அடித்த அன்று கரண்டியோடு போய் நின்றாள்.

"அதுல கை வைக்காதீங்க. பிரெஞ்சுக்காரங்க கெடக்காங்க."

எல்வீரா சிரித்தார். "எல்லா ஊர்லயும் இதேதான் சொல்றாங்கக்கா. இத்தனை வருஷத்துல ஒரு பிரெஞ்சுக்காரன்கூட சிக்கல. எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சாம்பலும் குதிரையுந்தான்."

"சிக்கினா அக்கா கட்டிக்குவாங்க. அதான் இப்படிக் காவல் காக்குறாங்க" என்றான் பெலிக்ஸஸ். மாணவர்கள் சிரித்தார்கள்.

சூப்புக்குப் பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தபோது தோண்டும் சத்தம் நின்றது. அவள் எழுந்து போனாள். மஞ்சள் மணலுக்குள் கருப்பாக, ஆள் நீளத்துக்கு ஒரு திட்டு. பழங்காலக் குதிரையின் மண்டையோடு ஒன்று பாதி வெட்டுப்பட்டு அதன் ஓரத்தில் நின்றது. யாரோ பிற்பாடு தோண்டிய குழி என்பது யாருக்கும் புரியும். எல்வீரா தூரிகையால் மண்ணைத் தள்ள, ஒரு பித்தளைப் பொத்தான் தெரிந்தது. ரஷ்யர்கள் வருமுன் சுதந்திரமாக இருந்த நாட்டு ராணுவத்தின் குதிரைவீரன் உருவம் பொறித்த பொத்தான்; காட்டுக்குள் போனவர்கள் அந்தச் சீருடையைத்தான் போட்டிருந்தார்கள். எல்வீராவின் விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன. நிமிர்ந்தவர் நேராக உர்ஷுலேயைப் பார்த்தார்.

"என்னங்க அது?" என்றான் பெலிக்ஸஸ்.

"பிரெஞ்சுக்காரன்."

"அப்படி யாருமே இல்லைன்னீங்களே."

"இருக்கான் போல. நம்ம வேலை அதுக்கு முந்தின காலம். மூடிடு."

பெலிக்ஸஸ் மண்ணைத் தள்ளி மூடினான். மதியம் எல்வீரா திருப்பிக் கொடுத்த சூப் கிண்ணத்தின் அடியில் பொத்தான் கிடந்தது. உர்ஷுலே நன்றி சொல்லவில்லை. இது தன்னைச் சிக்கவைக்கத்தான் என்று நினைத்தாள். அன்றே அதை ஏரியில் வீசினாள். அவர்கள் போனபின் பல குளிர்காலம் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சைபீரியாவுக்கென்று மூட்டையில் கம்பளித் துணியை எடுத்து வைத்தாள். யாரும் வரவில்லை. வராததும் ஏதோ திட்டம்தான் என்றே எண்ணினாள்.

நாடு மறுபடி சுதந்திரமான வருஷம், அவள் தச்சனிடம் ஓக் மரச்சிலுவை செய்யச் சொல்லி மேட்டுக்கு இழுத்துப் போனாள். கிழவனாகியிருந்த பெலிக்ஸஸ் கேட்காமலே மண்வெட்டியோடு வந்து, அந்தக் கருப்புத் திட்டின் தலைமாட்டில் சரியாகக் குழி வெட்டினான்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"மூடினவன் நான்தானே அக்கா. எடம் தெரியும்." சிலுவையை நிறுத்தி மண்ணை மிதித்தான். "பிரெஞ்சுக்காரனுக்குப் பேரு ஒண்ணும் எழுதலையா?"

அவள் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். சாலையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"கிப்ரஸ்" என்றாள், தாழ்ந்த குரலில்.