ஷகிலா அக்காவின் சின்ன எழுத்துகள்

கடையில் வேலையாக இருந்தபோது அக்காவின் நாத்தனார் போன் செய்தார். "ஷகிலா மவுத்தாயிட்டாங்கம்மா. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்று சொல்லி அழுதார்.

விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் ஷகிலா அக்காவும் நடத்திய டி.டி.பி. கடை, செராமிக் யூனிட்காரர்கள் பலருக்கும் தெரியும். அட்டைப்பெட்டிக்கான ஆங்கில வாசகத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் கேட்டால் அக்கா சண்டைக்கு வருவார் என்பதும் தெரியும். பொம்மை யூனிட்காரர் ஒருவர், "எல்லாமே கேப்பிடல்ல போடும்மா, அப்பதான் கெத்தா இருக்கும்" என்றார். "எல்லாரும் ஒண்ணா கத்துனா யாரு பேசறது காதுல வுழும்ண்ணே? பேரை மட்டும் அப்படி வைப்போம்" என்றார் அக்கா. வந்தவர் கோபித்துக்கொண்டு போனார், திரும்பவே இல்லை. நான்தான் ஒரு வாரம் முனகினேன்.

அக்காவின் கணவர் குவைத்தில் டிரைவர். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி மெயில் அனுப்புவார். சாப்பிட்டாயா, மருந்து வாங்கினாயா, எல்லாமே கேப்பிடல். "அன்பா கேட்டாலும் அதட்டுற மாதிரியே இருக்குது பாரு" என்பார் அக்கா. ஒருநாள் போனில், ஏன் இப்படி என்று அவரிடமே கேட்டுவிட்டார்.

 போனை வைத்தபின் சொன்னார்: "அவருக்குச் சின்ன எழுத்து படிக்க வராதாம். பாஸ்போர்ட்டு, நம்பர் பிளேட்டுன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது கேப்பிடல் மட்டுந்தானாம். நான் எழுதினதெல்லாம் ரூமுல இருக்கற ஒருத்தர்தான் படிச்சுக் காட்டியிருக்காரு. என்னென்ன எழுதியிருப்பேன்!" சிரிக்கவும் செய்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அன்று முதல் அவருக்குப் பெரிய எழுத்திலேயே எழுதினார். கடையிலும் மாறினார். யார் வந்தாலும், "இதை யாருங்க படிக்கப் போறாங்க?" என்பதுதான் முதல் பேச்சு. லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்கள் என்றால், "அப்ப கேப்பிடலே இருக்கட்டும்" என்று தானே சொல்வார்.

அடக்கத்துக்குக் கணவரால் வர முடியவில்லை. போன வாரம்தான் ஊருக்கு வந்தார். அக்கா கடைசியாகச் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு டீக்கோப்பைப் பெட்டியின் டிசைனைத் திரையில் திறந்து காட்டினேன். ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி, சின்ன எழுத்து வரிகளையும் வாய்விட்டுப் படித்தார். நான் அவரையே பார்த்தேன்.

"இதையும் கத்துக்கிட்டேம்மா. ஊருக்கு வர்றப்ப அவகிட்ட படிச்சுக் காட்டலாம்னு இருந்தேன்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கேள்வி ஒன்றைத்தான். எந்த வேலை வந்தாலும், எழுத்தைத் தொடுவதற்கு முன் படிக்கப்போகிறவரின் முகத்தை நினைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அது அவர் கணவரின் முகமாகவே இருக்கிறது.