கல்லில் வைத்த பொட்டு

இந்த ஊரில் என் வேலை, காலை பத்து மணிக்கே பகல் வெளிச்சத்தை அடைத்துவைப்பது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடாமல் பார்க்க வேண்டும். எட்டாங்கிளாசோடு நின்றவனுக்குத் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் பௌதிக லேபில் தற்காலிக அட்டெண்டர் வேலை. எங்கள் வள்ளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். இருட்டுக்குள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது.

ஆராய்ச்சி செய்கிற சுகுமாரன் சார் ஒருநாள் சொன்னார். நகத்தளவு கறுத்த சில்லு. டிரான்சிஸ்டர் செய்கிற குறைகடத்தி இனம். அதன்மேல் லேசரின் பச்சை வெளிச்சம் விழும். அநேகமும் பச்சையாகவே திரும்பும். துளியிலும் துளி மட்டும் நிறம் மாறி வரும். உள்ளே அணுக்கள் அதிர்வதுதான் காரணம்; மாற்றத்தை அளந்தால் அதிர்வை அறியலாம்.

"கல்லு எப்படி சார் ஆடும்?"

"ஆடும் அண்ணாச்சி. நம்மளு காணுந்நில்ல, அத்ரேயுள்ளு." நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதானாம்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அரிவாள்மணை முதல் சைக்கிள் வரை பொட்டு வைப்போம். இங்கே புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டு லீவு விட்டார்கள். லேசர் மெஷினை ஒருவரும் நினைக்கவில்லை. வெளிநாட்டு மெஷின். கெட்டுப்போனால் சாவி வைத்திருப்பவன் கழுத்துக்குத்தானே வரும்? பயத்தில் திறந்து உள்ளே போனேன். மெஷினில் வைத்தால் தெரிந்துவிடும். வெளிச்சம் போய் விழுகிற சில்லின் ஓரத்தில் ஊசிமுனையளவு குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். பிறகு வேட்டி நுனியால் துடைத்தும் விட்டேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

லீவு முடிந்து வேலை தொடங்கியதும், அந்த நிற மாற்றத்தைக் காகிதச் சுருளில் மெஷினின் பேனா வரைகிற கோட்டில் கூர்மையான பல் வர வேண்டிய இடத்தில் குன்று மாதிரி ஒரு வீக்கம். சார் லென்ஸைச் சந்தேகப்பட்டார், லேசரைச் சந்தேகப்பட்டார், பிறகு மனுஷரை. பியூன் பாஸ்கரன் என் காதில் விழும்படியே சொன்னான்: "பாண்டி தொட்டுக்காணும் சாரே. அவன்றெ கையில் எப்போழும் பஸ்மமல்லே." பாண்டி என்றால் தமிழனான நான்; எப்போதும் திருநீறு ஒட்டிய என் கைதான் தொட்டிருக்கும் என்கிறான். என் இடத்தில் தன் மச்சானை நுழைக்க அவனுக்குக் கண். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் சாரின் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. சொன்னால் என் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் அவர் ஆராய்ச்சி போகும்.

நான்காம் நாள் சார் சில்லை எடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். நான் ஸ்டூலை விட்டு எழுந்து உள்ளே போனேன்.

"நான்தான் சார். குங்குமம் வச்சேன்."

"மூந்நு திவசம், அண்ணாச்சி. கல்லு விற்றவனெ ஞான் எத்ர சீத்த விளிச்சு." மூன்று நாளாகக் கல் விற்றவனைத் திட்டித் தீர்த்திருக்கிறார்.

குங்குமச் சாயம் தானே ஒளிரும், அதில் நிஜக் கோடு மூழ்கிவிடும் என்றார். அசிட்டோனில் கழுவி மறுபடி வைத்தார். பேனா சரேலென்று ஏறி இறங்கியது. மத்தியானம் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஏன் போட்டார் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஏனென்றால் அன்றிலிருந்து சில்லுப் பெட்டியின் சாவி அவர் சட்டைப்பையில்தான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனேன். தம்பி தன் சைக்கிள் கடையில் குங்குமக் கிண்ணத்தை நீட்டினான்.

"வை அண்ணே. மூத்தவன் நீதானே."

பம்பு, ஸ்பேனர் எல்லாம் வரிசையாக இருந்தன. விரல் வரவில்லை.

"என்ன, மலையாளத்தான் ஆயிட்டியோ?" என்று கேட்டுவிட்டு அவனே வைக்கத் தொடங்கினான். ஒன்றும் விட்டுப்போகாமல் வைக்கிறானா என்று கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.