தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை

வரலாறு படித்து வாத்தியாராகப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் நரைத்த தலையைப் பார்ப்பார். நாற்பதைத் தாண்டி மறுபடி பரீட்சை எழுதியவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். எனக்கு எத்தியோப்பியாவில் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிற வேலை. விடுப்பில் வந்து வந்து பி.ஏ. வரலாறு எழுதி முடித்து, நாற்பத்தேழு வயதில் ஆம்பூர் திரும்பி, வேலூரில் பி.எட். சேர்ந்தேன். வீட்டில் பேச்சு இதுதான்: தேறினால் இங்கேயே இருப்பது, தவறினால் மறுபடி விமானம். மகளின் பிறந்தநாள்களை அதுவரை போனில்தான் பார்த்திருந்தேன்.

நவாப் காலத்துப் பதிவேடு

பேராசிரியர் ஒருநாள் வகுப்புக்கு ஒரு பழைய பதிவேடு கொண்டுவந்தார். ஆற்காடு நவாப் காலத்தது, அட்டை முதற்கொண்டு அசல் என்றார். அது கை மாறி என்னிடம் வந்தது. பழக்கதோஷம், தோல் அட்டையின் ஓரத்தை நகத்தால் லேசாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெளிர்நீலம். குரோம் போட்டுப் பதனிட்ட தோல். நவாப் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவதுதான். குரோம் வெகுகாலம் பின்னால் வந்தது.

அட்டை பிற்காலத்தது என்று வகுப்பு முடிந்து தனியாகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் என்னையே எழுப்பி அதை எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். முடித்ததும் பதிவேட்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "பதினஞ்சு வருஷமா இதக் காட்டித்தான் பாடம் எடுத்தேன். உள்ள இருக்கற காகிதத்தையாவது விட்டுவெச்சிடுங்க சார்."

பஸ்ஸில் வருஷங்கள்

எனக்கு வருஷங்கள் மனதில் நிற்காது. கூடப் படித்த நஸ்ரின், இருபத்திரண்டு வயது, ஆம்பூரிலிருந்து ஒரே பஸ். பள்ளிகொண்டா வருவதற்குள் இருபது கேள்வி கேட்டுவிடுவாள். தினமும், சலிக்காமல். அந்தப் பொறுமைக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஒருநாள் இருபதுக்கு மூன்றுதான் சரி. நோட்டை மூடிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"பேஜார் ஆவாதீங்க அங்கிள். ஒரு வருஷத்தையும் நீங்க மறக்கல. எல்லாத்தயும் வேற வேற ராஜாவுக்குக் குடுத்துட்டீங்க, அவ்ளோதான்."

எட்டாம் வகுப்பு

கடைசிப் பரீட்சை, பாடம் நடத்திக் காட்டுவது. ஆம்பூரில் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு, வேலூர்ப் புரட்சி. கடைசி பெஞ்சில் தேர்வாளர் மேடம் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் சிப்பாய்களைத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போடச் சொன்னார்கள் என்றேன். பிறகு என் பாடக்குறிப்பில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன்: "தோல் அசுத்தம்னு சிப்பாய்ங்க கோவப்பட்டாங்க."

இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எங்கப்பா டேனரில தினமும் தோல்லதான் சார் நிக்கிறாரு. அவரு அசுத்தமா?"

அந்த வரியை எழுதியவன் நான். என் வீட்டில் சோறு போட்டதும் தோல்தான். மேடத்தின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. குறிப்பை மூடி வைத்தேன். "இல்லம்மா. நான் தப்பா எழுதிட்டேன். நானும் அந்த வேலைலருந்து வந்தவன்தான். உங்கப்பா தோலத் தொடறது அவரு பொழப்பு. சிப்பாய்ங்கள இஷ்டமான்னு யாரும் கேக்கல. எந்த மிருகத்துத் தோலோன்னு அவங்க பயந்தாங்க, போட்டே ஆகணும்னு அதிகாரிங்க அத அவங்க தலைல வெச்சாங்க. சண்டை அதுக்குத்தான்."

அவள் உட்காரவில்லை. "அப்ப அத நோட்ல எழுதிக்கலாமா சார்?" எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். கோட்டைக்குள் சண்டை தொடங்குவதற்கு முன்பே மணி அடித்துவிட்டது. விமானம்தான் என்று நினைத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அவர் மதிப்பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பாடம் பாதிதான் ஆச்சி. மீதிய அடுத்த வருஷம் உங்க ஸ்கூல்ல நடத்துங்க."

காலணியை நம்பிக் கடல் தாண்டிப் போனவனை வீட்டோடு தங்கவைத்தது ஒரு தலைப்பாகையும், அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டு உட்காராத ஒரு பெண்ணும்தான்.