பதினோரு நாள் பஸ்ஸில் போனேன்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. காற்று அசையவில்லை. அந்த நேரத்துக்கே வெயில் பிடரியில் உறைத்தது. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தம்பி மகள் ஸ்கூட்டரை என் காலருகே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏறுங்க பெரியப்பா. இன்னும் எத்தன நாளைக்கு முறுக்கிக்கிட்டு நிப்பீக?"

"நீ போ. ஒங்கப்பன ஏத்திக்கிட்டுப் போ. மொதத் துன்னூறு வாங்குன மகராசன்."

"அவுகளுக்குத் துன்னூறு, ஒங்களுக்கு வண்டி. கணக்கு நேராப் போச்சுல்ல?"

சிரித்தாள். நான் பஸ் வருகிறதா என்று திருச்சுழிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டாள்.

சிவராத்திரி பூசை முடிந்ததும் எங்கள் குலசாமி கோயிலில் முதல் திருநீறு வகையறாவில் மூத்தவனுக்கு. அப்பா போனபின் முப்பத்தொரு வருடம் அது என் நெற்றிக்குத்தான் வந்தது. இந்த வருடம் தம்பி மகள் தன் சம்பளத்தில் கோயிலுக்கு இரும்புக் கதவு போட்டுக் கொடுத்திருந்தாள். பூசாரி தட்டை என்னைத் தாண்டித் தம்பியிடம் நீட்டினார். அவனும் நெற்றியைக் காட்டினான்.

பொறாமை அன்று தொடங்கியதல்ல. எனக்கு மகன்கள் இரண்டு பேர். ஒருவன் திருப்பூரில், ஒருவன் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பேசுவது ஏழு நிமிடம். தம்பிக்கு ஒரே பெண். சாயங்காலம் அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் அவன் எழுந்து வாசலுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஓய்வு பெற்றபின் அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதினேன். அவளுக்கு அங்கேயே மருந்துக்கடையில் வேலை. நூற்றுப் பன்னிரண்டு நாள் அவள் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். வழியில் பார்க்கிறவர்கள் என் மகள் என்று நினைக்கட்டும் என்று ஓர் ஆசை இருந்தது.

சிவராத்திரிக்கு மறுநாளிலிருந்து பஸ்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போய்ச் சேரவில்லை. சாயங்காலம் நாலரைக்குக் கண்மாய்க்கு அந்தப்பக்கம் கருவேலங்காட்டில் ஸ்கூட்டர் கிடந்தது. அதிலிருந்து நாற்பது தப்படி தள்ளி அவள். கழுத்தில் அவள் துப்பட்டாவே இறுகியிருந்தது.

கேதத்துக்கு வந்த வண்டிகளை எண்ணினேன். கார் இருபத்தாறு, வேன் ஒன்பது. என் சாவுக்கு இதில் பாதி வராது என்று தோன்றியது. தம்பி மண்ணில் புரண்டு அழுதான். அதைப் பார்த்தும் பொறாமைதான். அப்படி அழுவதற்கு அவனுக்கு ஒருத்தி இருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் ஆளைப் பிடித்தார்கள். கரி லோடு அடிக்கும் வேன் டிரைவர். அவளுக்கு முன்பே வேறு ஊர்களில் தனியாகப் போன இரண்டு பெண்களைக் கொன்றவன். இன்ஸ்பெக்டர் என்னையும் தம்பியையும் வரச்சொல்லி அவன் வாக்குமூலத்தில் கொஞ்சம் வாசித்தார். அந்தப் பெண்ணை ரொம்ப நாளாகப் பார்த்துவந்தானாம். பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பாராம், அதனால் விட்டுவிட்டானாம். அப்புறம் பெரியவர் வரவில்லையாம்.

"அந்தப் பெரியவர் நீங்கதான?"

"ஆமா."

"ஏன் நிறுத்துனீங்க?"

பக்கத்து நாற்காலியில் தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான். "இடுப்பு வலி" என்றேன்.

"ஆமா சார்" என்றான் அவன், தலை தூக்காமல். "அண்ணனுக்கு இடுப்பு வலி. வண்டி ஆகாது."

எனக்கு இடுப்பு வலி கிடையாது. அது அவனுக்கும் தெரியும். அந்த இடத்திலும் அவன்தான் பெரியவனானான். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

பஸ்ஸில்தான் போனேன் என்பதற்கு அத்தாட்சி உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எந்தச் சீட்டையும் நான் எறிவதில்லை. காலையில் போன சீட்டுகளை மட்டும் டைரியிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். தம்பி அப்போதுதான் நிமிர்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தான். பதினோரு டிக்கெட், ஒன்று பதினான்கு ரூபாய். மொத்தம் நூற்று ஐம்பத்து நான்கு.