கோழிகளுக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி

எண்பதுகளின் தொடக்கம். ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். பேச்சுப் போட்டி என்றால் தொண்டை கிழியக் கத்துவது என்றே நினைத்திருந்தேன். எங்கள் தமிழய்யாவும் "இடி மாதிரி ஆரம்பி" என்பார். முந்தின வருடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. அழுதுகொண்டே மேடையிலிருந்து இறங்கினேன்.

நாமக்கல் பக்கம் எங்கள் சோளக்காட்டில் அப்பா கோழிப்பண்ணை போட்டிருந்தார். இந்த முறை பயிற்சிக்கு அந்தக் கொட்டகையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை தலைகள்! கையை வீசி, "அவையோரே!" என்று முழங்கினேன். அவ்வளவுதான், மொத்தக் கோழிகளும் அலறிக்கொண்டு கம்பி வலையில் மோதின. அப்பா ஓடி வந்தார்.

"ஏஞ்சாமி, இப்படிக் கத்துனா மிரண்டுபோயி முட்டை போடாம நின்னுருமே! உன்ற பேச்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம். வகுப்பில் நான் உருப்படியாகச் செய்வது அந்த ஒன்றுதான். அதையும் விடச் சொன்னால்?

"இனிமே மிரளாதுங்கப்பா" என்று கெஞ்சினேன்.

"ஒரு கோழி மிரண்டாலும் மேடைப் பக்கமே போகக்கூடாது" என்றார்.

கோபம் தணிந்ததும் ஒரு சந்தேகம் குடைய ஆரம்பித்தது. தீவன லாரி தினமும் உறுமிக்கொண்டு வருகிறது. இவை தலையைக்கூடத் திருப்புவதில்லை. என் குரலுக்கு மட்டும் என்ன வந்தது? சாயங்காலம் தோறும் போய்ச் சோதித்துப் பார்த்தேன். சத்தம் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. திடீரென்று வருவதுதான் ஆகவில்லை. தாழ்ந்த குரலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், உச்சத்தில் பேசும்போதும் தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. ஆனால் அப்படி ஏற்ற மூச்சு வேண்டுமே? வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பழகினேன். கையை வீசினால் மிரண்டன, மெதுவாக உயர்த்தினால் சும்மா பார்த்தன. அட, மூளையில்லாத ஜென்மங்கள் என்றல்லவா இவற்றை நினைத்திருந்தேன்!

கொட்டகைக்குள் நுழையுமுன் கதவை இரண்டு தட்டுத் தட்டி, சலசலப்பு அடங்கும்வரை நிற்பது பண்ணைக்காரர்கள் வழக்கம். அதுவும் எனக்குத் தொற்றிக்கொண்டது.

சேலம் அம்மாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டி. அப்பாவும் கூட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடை ஏறியவள் பழக்கதோஷத்தில் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். மண்டபமே சிரித்தது. போச்சு, மானமே போச்சு! ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கியது. தாழ்ந்த குரலில் தொடங்கினேன். ஐந்தாவது நிமிட மணி அடித்தபோது எனக்கு இன்னும் குரல் மிச்சமிருந்தது.

கிடைத்தது இரண்டாம் பரிசு. முதல் பரிசு, இடி மாதிரிக் கத்திய ஒரு பையனுக்கு. ஆத்திரத்தில் அப்பாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து பஸ் ஏறினேன். பஸ் நகர்ந்ததும் அப்பாதான் ஆரம்பித்தார்.

"ஒரு தலையும் மிரளல சாமி. அத்தன பேர் சிரிச்சும் நீயும் மிரளல. அடுத்த போட்டி எந்த ஊர்ல?"